கோணல் மனையில் கீழே கடை, மேலே வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை ஜார்ஜ் டவுனில் மூலைமட்டத்துக்கு அடங்கும், அதாவது நான்கு மூலையும் செங்கோணமான மனை அரிது. 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கோட்டையை ஒட்டியிருந்த பழைய ஊர் இடிக்கப்பட்டது. அந்த இடத்தில்தான் இன்று உயர் நீதிமன்றம் நிற்கிறது. மக்கள் முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் நெருக்கிக் குடியேறினார்கள். பிறகு தலைமுறை தலைமுறையாகப் பாகப்பிரிவினை நடந்து, முகப்பு குறுகி ஆழம் நீண்ட மனைகள் மிஞ்சின. தங்கசாலைத் தெரு, தம்புச் செட்டி தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு எங்கும் இதுதான் நிலை. இத்தகைய மனையில் கீழே வியாபாரமும் மேலே குடியிருப்புமாகக் கட்ட நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பதில்கள் அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு மாதிரி மனையை வைத்துக்கொள்வோம். கிழக்கே தெரு, மேற்கே ஆறடிச் சந்து. தெருமுகப்பு 24 அடி, பின்புறம் 36 அடி, ஆழம் 100 அடி. தெற்குச் சுவர் தெருவுக்கு நேர்செங்குத்து. வடக்கெல்லை மட்டும் சாய்ந்துகொண்டே போகிறது. மொத்தம் 3,000 சதுர அடி, அதாவது ஒன்றேகால் கிரவுண்ட்.

வரைபடம் போடுவதற்கு முன் முதல் வேலை எது?

அளப்பது. நான்கு பக்கங்களை மட்டும் அளந்தால் நாற்கரம் முடிவாகிவிடாது. அதே நான்கு நீளங்களை வைத்து எத்தனையோ வடிவங்கள் வரையலாம். குறைந்தது ஒரு மூலைவிட்டத்தையாவது அளக்க வேண்டும். இரண்டையும் அளந்தால் ஒன்று மற்றதன் பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய பத்திரங்களில் எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியைப் பெருக்கிப் பரப்பு எழுதியிருப்பார்கள். மூலைகள் செங்கோணமாக இல்லாவிட்டால் அந்தக் கணக்கு உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். 40 அடி, 60 அடிப் பக்கங்கள் கொண்ட மனை மூலையில் 90 பாகைக்குப் பதில் 75 பாகையாகச் சாய்ந்திருந்தால், பத்திரத்தில் 2,400 சதுர அடி இருக்கும், தரையில் இருப்பது 2,318. கட்ட அனுமதிக்கப்படும் பரப்பும் அதற்கேற்பச் சுருங்கும். எனவே பட்டா, பத்திரம், நில அளவை வரைபடம், நேரில் அளந்தது ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் அண்டை வீட்டாரோடு பேசி, எல்லையைத் தீர்த்துக்கொண்ட பிறகே மேலே செல்லுங்கள். மனையை ‘டோட்டல் ஸ்டேஷன்’ கருவியால் அளக்கச் செய்வதற்கு ஆகும் செலவு, அஸ்திவாரம் போட்டபின் எழும் எல்லைத் தகராறின் செலவுக்கு முன் ஒன்றுமில்லை.

முழு மனையையும் நிரப்பிக் கட்டினால்தானே லாபம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019இல் வந்தன. 18.30 மீட்டர் உயரத்துக்கு உட்பட்ட, உயரமற்ற கட்டடங்களுக்கு அவை தரும் அடிப்படை எஃப்.எஸ்.ஐ. (மனைப்பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2. அதாவது நம் 3,000 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 6,000 சதுர அடி கட்டலாம். கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பு தெருவின் அகலத்தைப் பொறுத்தது. குறுகிய தெருவில் அதை நம்பித் திட்டமிடக் கூடாது.

இப்போது கணக்கைப் பாருங்கள். தரைத்தளத்தில் கடையும் கிடங்குமாக 2,100 சதுர அடி. மேலே மூன்று மாடிகளில் தலா 1,300. கூட்டினால் சரியாக 6,000. தரையிலேயே 900 சதுர அடி மிஞ்சுகிறது. மேல் மாடிகளிலோ மனையின் பாதிக்கு மேல் வானத்துக்குத் திறந்திருக்கிறது. முற்றம் விட்டால் சதுர அடி போய்விடும் என்ற அச்சத்துக்கு இங்கே இடமே இல்லை. சட்டம் எப்படியும் கட்ட விடாத அந்த வெற்றிடத்தை எங்கே வைப்பது என்பதுதான் வடிவமைப்பு. அதனால் அறைகளை வரைவதற்கு முன் வெற்றிடத்தை வரையுங்கள். அறைகளை முதலில் வரைந்தால், மிச்சம் விழும் துண்டு துக்காணி இடங்கள் குழாய்ச் சந்துகளாகவும் புறாக்களின் கூடாரமாகவும்தான் ஆகும்.

நம் மனைக்கு ஏற்றது பழைய இரண்டுகட்டு வீட்டின் அமைப்பு. தெருவை ஒட்டி 25 அடி ஆழமுள்ள முன்கட்டு, பின்சந்துப் பக்கம் 15 அடி ஆழமுள்ள பின்கட்டு, நடுவில் முற்றம். இரண்டு கட்டுகளையும் படிக்கட்டும் லிஃப்டும் இணைக்கும். செட்டிநாட்டு வீட்டிலும் தஞ்சாவூர் வீட்டிலும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் கடைவீடுகளிலும் குறுகிய நீள மனைக்கு மனிதர்கள் கண்ட விடை இதே வெற்றிடம்தான்.

கோணலை நேராக்குவதா, சுவரோடு சாய்ந்து போவதா?

கோணல் எங்கே உறுத்தாதோ அங்கே அதை ஒதுக்குங்கள். நம் மனையில் தெற்குச் சுவரைப் பிடித்து 24 அடி அகலத்துக்கு நீள்சதுரமாக ஒரு பட்டை வரையலாம். மிஞ்சுவது வடக்கே ஓர் ஆப்பு வடிவம். தெருவில் பூஜ்யமாகத் தொடங்கி, பின்னால் 12 அடியாக விரிகிறது. பரப்பு 600 சதுர அடி, மனையில் ஐந்தில் ஒரு பங்கு.

இந்த ஆப்பை வீணென்று நினைக்க வேண்டாம். முன்பகுதியில் அது சில அங்குலங்கள்தான், சுவரின் தடிமனிலும் கடை அலமாரியிலும் மறைந்துவிடும். நடுப்பகுதியில் குழாய், மின்கம்பி செல்லும் ஷாஃப்ட், கழிப்பறை, படிக்கட்டு. படிகள் நேராக இருந்தால் போதும், அவற்றை அடுத்த சுவர் சாய்ந்திருந்தால் யாருக்கும் தெரியாது. பின்னே போகப் போகக் கழுவுமிடம், பால்கனி. கட்டில், பீரோ, சமையல் மேடை இவை மூன்றும் செங்கோணத்தைக் கேட்பவை. அவற்றைச் சாய்ந்த சுவரோடு சேர்க்காதீர்கள். சாப்பாட்டு மேசையும் ஊஞ்சலும் எந்தக் கோணத்தையும் பொறுத்துக்கொள்ளும்.

மனை முக்கோணமாக, தெருமுனையில் கூர்மையாக முடிந்தால்?

நியூயார்க்கில் பிராட்வேயும் ஐந்தாம் அவென்யூவும் வெட்டிக்கொள்ளும் முனையில், டேனியல் பர்னம் வடிவமைத்து 1902இல் முடிந்த ஃபிளாட்அயர்ன் கட்டடத்தின் கூர்முனை ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலம்தான். அந்த முனைக்கும் முன்னால் கண்ணாடிக் கடை ஒன்றை ஒட்டவைக்க வேண்டும் என்று உரிமையாளர் தரப்பு பிடிவாதம் பிடித்தது. பர்னம் எதிர்த்தார், ஆனாலும் கடை வந்தது. கடைசி அடி வரை வாடகையாக்கும் ஆசை நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்திருக்கிறது.

என் பரிந்துரை, முனையை வளைத்துவிடுங்கள் அல்லது வெட்டிவிடுங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலைப் பக்கம் 1930களில் எழுந்த ஆர்ட் டெக்கோ கட்டடங்களின் மூலைகளை நின்று பாருங்கள். வளைந்த மூலை வண்டி திரும்ப இடம் தருகிறது. இரண்டு தெருக்களிலிருந்தும் கடையின் பெயர் தெரிகிறது.

நடுவிலிருக்கும் அறைகளுக்கு வெளிச்சமும் காற்றும் எப்படி வரும்?

சன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் பயன்படும் அளவில் உள்ளே வரும். ஏழடி உயரச் சன்னல் என்றால் 14 முதல் 17 அடி. முன்கட்டின் ஆழத்தை 25 அடியோடு நிறுத்தியதன் காரணம் இதுவே. தெருப் பக்கமிருந்து பாதியும் முற்றத்திலிருந்து பாதியும் வெளிச்சம் வந்து நடுவில் சந்திக்கின்றன.

முற்றம் எவ்வளவு அகலம் வேண்டும் என்பதையும் ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது முற்றத்தின் தரை வரை வெயில் இறங்கும். டிசம்பரில் அது தெற்கே தாழ்ந்து 54 பாகை உயரத்தில் நிற்கும். கடைத்தளம் 14 அடி, மேலே பத்துப் பத்தடியாக மூன்று மாடிகள், கைப்பிடிச் சுவர் 3 அடி, ஆக 47 அடி. தெற்கே அண்டைக் கட்டடமும் இதே உயரம் என்று கொள்வோம். முற்றம் தெற்கு வடக்காக 20 அடி இருந்தால், வடக்கே நிற்கும் படிக்கட்டுச் சுவரில் வெயில் மேலிருந்து 27 அடி வரை இறங்கும், அதாவது முதல் மாடிச் சன்னல் உயரம் வரை. முற்றத்தை 8 அடியாகக் குறைத்தால் 11 அடியோடு வெயில் நின்றுவிடும். மேல் மாடிக்காரர் துணி உலர்த்துவார், கீழே உள்ளவர் பகலிலும் விளக்கு போடுவார். அந்த வடக்குச் சுவருக்கு வெள்ளை பூசுங்கள். அதில் பட்டுத் திரும்பும் ஒளிதான் கீழ்த்தளங்களுக்குக் கிடைக்கப்போவது.

காற்றுக்கு, கிழக்கே பார்த்த மனை ஒரு வரம். கோடையில் பிற்பகலில் கடற்காற்று அந்தத் திசையிலிருந்துதான் வரும். தெருச் சன்னலுக்கு எதிரே முற்றத்துப் பக்கமும் சன்னல் இருந்தால் காற்று வீட்டுக்குள் புகுந்து வெளியேறும். முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை போட்டு மூடிவிடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது முற்றத்தைக் கொன்றுவிடும். மழைச் சாரல் கவலை என்றால் சன்னலுக்கு மேல் இரண்டடி சன்ஷேட் போதும்.

கடைக்கும் வீட்டுக்கும் ஒரே வாசல் போதாதா?

போதாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுவேன்.

24 அடி முகப்பில் வீட்டுக்கென்று நாலரை அடி நடை விடச் சொன்னால் உரிமையாளர் முகம் சுருங்கும். கடைவாடகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தெருவில் கொட்டுவதுபோல் இருக்கும். அதனால் வீட்டுவாசலைப் பின்சந்துக்குத் தள்ளச் சொல்வார்கள். அந்தச் சந்தில் இரவு ஒன்பது மணிக்கு நடந்து பாருங்கள். டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளையும் மருந்து வாங்கப் போகும் பாட்டியும் பத்தாண்டு, இருபதாண்டு நடக்கப்போகும் வழி அது. வீட்டுக்குத் தெருவில் ஒரு முகம் வேண்டும். விளக்கெரியும் ஒரு வாசல், பெயர்ப்பலகை, கோலம் போட நாலடி இடம் வேண்டும். வீட்டுவாசல் பின்னால் போன தெருக்களில் ஷட்டர் இறங்கியதும் தெருவே இருண்டுவிடுகிறது. மேலே ஆட்கள் குடியிருந்தும் கீழே கண் இல்லை.

பின்சந்து சரக்குக்கு இருக்கட்டும். குட்டியானை தெருவில் நிற்கும், மூட்டைகள் மீன்பாடி வண்டியில் சந்து வழியாகக் கிடங்குக்குப் போகும். வீட்டு நடை வடக்கோரமாக உள்ளே வந்து முற்றத்தில் திறக்கும், அங்கே படிக்கட்டும் லிஃப்டும். கடைக்கும் இந்த நடைக்கும் இடையே கதவு வேண்டாம். வைத்தால், ஒரு மாதத்தில் நடை அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாகிவிடும்.

முதல் மாடியை ஆடிட்டர், வழக்கறிஞர், மருத்துவர் போன்றவர்களின் அலுவலகத்துக்கு விடுவது நல்லது. கடையின் இரைச்சலுக்கும் வீட்டின் அமைதிக்கும் நடுவே அது மெத்தையாக இருக்கும்.

கடைக்குள் தூண் வராமல் கட்ட முடியுமா?

முன்கட்டில் முடியும். 24 அடியை ஒரே உத்தரத்தில் தாண்ட ஏறக்குறைய இரண்டடி ஆழமுள்ள உத்தரம் வேண்டும். 14 அடி உயரக் கடையில் அது தலையில் இடிக்காது. மேலே வீட்டில் அதே கோட்டில் அறைச்சுவர் வருமாறு திட்டமிட்டால் உத்தரம் கண்ணில் படாது. கீழே ஒரு தூண் வரிசை, மேலே வேறொரு வரிசை என்று மாற்றிவைப்பதைத் தவிருங்கள். பாரத்தைக் கைமாற்றும் கனத்த உத்தரத்துக்கு ஆகும் செலவு வாடகையைத் தின்றுவிடும்.

பொறியாளரிடம் மூன்றைக் கேளுங்கள். முதலாவது, கீழ்த்தளத்தின் பலம். மேலே சுவர்கள் நிறைந்து, கீழே ஷட்டர் மட்டும் இருக்கும் கட்டடம் நிலநடுக்கத்தில் முழங்காலில் மடியும். 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் அகமதாபாத்தில் இடிந்தவற்றில் பல, கீழே வாகன நிறுத்தத்துக்காகத் திறந்துவிடப்பட்ட அடுக்குமாடிகள். மறு ஆண்டு நிலநடுக்க விதித்தொகுப்பில் வந்த திருத்தத்தில் சென்னை 2ஆம் மண்டலத்திலிருந்து, ஆபத்து அதிகமான 3ஆம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. இரண்டாவது, முறுக்கம். லிஃப்டின் கான்கிரீட் சுவர்கள் ஒரே ஓரத்தில் இருந்தால் கட்டடம் அதைச் சுற்றித் திருகும். நம் மனையில் அவை வடக்கோரம் என்பதால் தெற்கேயும் ஒரு கான்கிரீட் சுவர் வைத்துச் சமன்செய்ய வேண்டும். மூன்றாவது, எல்லையோரத் தூண்களின் அடித்தளம். அது அண்டை மனைக்குள் நீளக் கூடாது. ஒருபக்கமாக வைத்தால் சாயப்பார்க்கும். உள்தூணின் அடித்தளத்தோடு இணைப்பு உத்தரம் போட்டுக் கட்ட வேண்டும்.

பக்கத்து வீட்டுச் சுவரை என்ன செய்வது?

தொடாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்களுக்கு அடித்தளம் ஆழமில்லை. அதை ஒட்டிக் குழி தோண்டினால் அடியிலிருக்கும் மண் நகரும். கடலோர மணலில் நிலத்தடி நீரை இறைத்துக் கொட்டினால் மண்ணும் கூடவே வரும். அதனால் இந்த அளவு மனைக்கு அடித்தளக் கிடங்கு வேண்டாம் என்றே சொல்வேன். பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அடித்தளத் தூண்) தேவைப்பட்டால் அடித்து இறக்குவதை விட்டு, துளையிட்டு வார்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். வேலை தொடங்கும் முன் அண்டை வீடுகளின் ஒவ்வொரு விரிசலையும் அவர்கள் முன்னிலையில் தேதியோடு படமெடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அண்டைச் சுவரில் உங்கள் மனையைப் பார்த்துச் சன்னல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, 20 ஆண்டுகள் தடையின்றி அனுபவித்த வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அவர்கள் உரிமை கோரலாம். அத்தகைய சன்னல் இருந்தால் முற்றத்தை அதற்கு எதிரே நகர்த்திவிடுங்கள். வழக்கும் வராது, இரு வீட்டுக்கும் வெளிச்சம்.

தீ விபத்துக்கு என்ன ஏற்பாடு?

ஆண்டர்சன் தெருவில் காகிதம், குடோன் தெருவில் துணி. இவற்றின்மேல் குழந்தைகள் தூங்கும் வீடுகள் வரப்போகின்றன என்பதை நினைவில் வைத்து வரையுங்கள். 1997இல் டெல்லி உப்ஹார் திரையரங்கில் 59 பேர் இறந்தார்கள். கீழே வாகன நிறுத்தத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மரில் பற்றிய தீயின் புகை மேலே ஏறி அவர்களை மூச்சடைக்க வைத்தது. 2017 மே 31 அன்று தியாகராய நகரில் ஒரு ஜவுளிக் கடைக் கட்டடத்தில் பிடித்த தீ மறுநாளும் எரிந்தது, பிறகு கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

கடைக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள தளத்தில் ஓட்டை இருக்கக் கூடாது. குழாயும் கம்பியும் போகும் ஷாஃப்டை ஒவ்வொரு தளத்திலும் தீத்தடுப்புப் பொருளால் அடைக்க வேண்டும். படிக்கட்டு முற்றத்தை நோக்கித் திறந்திருந்தால் புகை அதில் தேங்காது. மூடிய படிக்கட்டை நான் ஏற்க மாட்டேன். பின்கட்டிலிருந்து சந்துக்கு இறங்கும் இரண்டாவது படியும் வேண்டும். மின்பலகையையும் மீட்டர்களையும் அந்தப் படிகளின் அடியில் வைக்காதீர்கள்.

கார் நிறுத்தம்?

விதி கேட்கும் எண்ணிக்கையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், அதற்குமேல் ஒன்றுகூட வேண்டாம். காருக்குப் பத்தடி வழி விட்டால் முகப்பில் பாதி போய்விடும். உயர் நீதிமன்றம், மண்ணடி மெட்ரோ நிலையங்கள் 2019இலிருந்து இயங்குகின்றன. நடை தூரத்தில் ரயில் இருக்கும் இடத்தில் இருசக்கர வாகனங்களுக்கு இடம் ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

முன்னே குறுகிப் பின்னே விரிந்த மனை வியாபாரத்துக்கு ஆகாது என்கிறார்களே?

முன் குறுகியது கோமுகம், வீட்டுக்கு நல்லது. முன் விரிந்தது சிம்மமுகம், கடைக்கு நல்லது. இப்படித்தான் மனையடி சாஸ்திரம் பார்ப்பவர்கள் சொல்வார்கள். இந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன், அதில் அனுபவமும் பொதிந்திருக்கிறது. விரிந்த முகப்பு சரக்கைக் காட்டும், குறுகிய முகப்பு வீட்டின் தனிமையைக் காக்கும். கடையும் வீடும் சேர்ந்த கட்டடத்தில் இரண்டையும் ஒரே மனை தர முடியாது. எனவே குறுகிய முகப்பைக் கடைக்குப் போதுமானதாக ஆக்குவது எப்படி என்று யோசியுங்கள். 14 அடி உயரம் கொடுத்து, பின்பாதியில் பரண் போட்டால் சரக்கு மேலே போகும், வாடிக்கையாளருக்குக் கீழே இடம் கிடைக்கும்.

பழைய கட்டடத்தை இடிக்காமல் சேர்த்துக் கட்டலாமா?

முகப்பு நன்றாக இருந்தால் கட்டாயம் முயலுங்கள். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கலை நிமிர்த்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் இன்னும் பல முன்கட்டுகளில் உறுதியாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சுவர்மேல் புது மாடி ஏற்றக் கூடாது. முன்கட்டைப் பழுதுபார்த்துக் கடையாக வைத்துக்கொண்டு, 6,000 சதுர அடியின் பெரும்பகுதியைப் பின்னே, தனித் தூண்களில் புதிதாக எழுப்பலாம். முற்றம் இரண்டுக்கும் நடுவே இயல்பாகவே விழும். பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டடமா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

தண்ணீர், மின்சாரம்?

வீட்டு இணைப்புக்கும் கடை இணைப்புக்கும் கட்டண விகிதம் வேறு. மீட்டர், சம்ப், மேல்நிலைத் தொட்டி எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம். உறைகிணறு அமைக்க முற்றத்தின் தரையைவிடப் பொருத்தமான இடம் இந்த மனையில் கிடையாது.

கட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

கோடு போடும் நாளில். கொத்தனாரின் கை பழக்கத்தால் செங்கோணத்தைத் தேடும். வடக்குச் சுவரை மூலைமட்டம் வைத்து நேராக்கிவிட்டால் ஒன்று, படிக்கட்டின் அகலம் குறையும், அல்லது சுவர் அண்டை மனைக்குள் போகும். தெற்குச் சுவரை ஆதாரக்கோடாகக் கொண்டு, ஒவ்வொரு தூணுக்கும் அந்தக் கோட்டிலிருந்தும் தெருக்கோட்டிலிருந்தும் தூரத்தை வரைபடத்தில் எழுதிக் கொடுங்கள். கோணத்தைப் பாகையில் எழுதாதீர்கள், களத்தில் டேப்பால் அளக்கக்கூடிய நீளமாக எழுதுங்கள். ஆதாரக்கோட்டின் இரு முனைகளிலும் அசையாத இரும்பு ஆணியைக் கான்கிரீட்டில் பதித்து, கட்டடம் முடியும் வரை காப்பாற்றுங்கள். ஒவ்வொரு தளம் வார்க்கும் முன்பும் அதிலிருந்தே மறுபடி அளக்க வேண்டும்.

கான்கிரீட் லாரி பகலில் இந்தத் தெருக்களுக்குள் நுழைவது கடினம். வார்ப்பு இரவில்தான் நடக்கும், அதற்குப் போக்குவரத்துக் காவல்துறையின் அனுமதியும் தெருவிலுள்ள கடைக்காரர்களின் ஒத்துழைப்பும் வேண்டும். ஜல்லியும் மணலும் கொட்ட வெளியே இடமில்லை. எனவே முன்கட்டை முதலில் எழுப்பாமல் பின்கட்டிலிருந்து தொடங்கி, தெருவை நோக்கி வாருங்கள். முன்பகுதி கடைசி வரை சரக்கு இறக்கும் இடமாக இருக்கட்டும்.